குழைக்கல்லில் மிஞ்சிய குழை

"ஏளா, மேல போகப் போக அட்டை கூடுமா, குறையுமா?" என்று என் கணவர் கேட்டபோது நாங்கள் செண்பகாதேவி அருவியைக்கூட இன்னும் தாண்டவில்லை.

"கூடும். ஆனா மேல உள்ளது பொடி அட்டை. கடிச்சாத் தெரியாது" என்றேன்.

அந்தப் பதில் அவருக்கு ஆறுதலாக இல்லை. வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டி, வேப்பெண்ணெயில் குழைத்த புகையிலைத் தூளை இரண்டு காலிலும் அப்பியிருந்தார். அந்த வாடைக்கு அட்டை ஓடியதோ இல்லையோ, மனிதர் யாரும் அவர் பக்கத்தில் நடக்க முடியவில்லை.

எனக்கோ கால் தரையில் பாவவில்லை. கல்யாணமாகிக் கீழே இறங்கிய பிறகு அன்றைக்குத்தான் முதல்முறையாக மேல்காட்டுக்கு ஏறுகிறேன். அதுவும் வெளியூர்க்காரர்களை அழைத்துக்கொண்டு, "வாங்க, வாங்க, எங்க வீட்டைப் பாருங்க" என்று கூப்பிடாத குறையாக. காலையிலிருந்து நான் தனியாகச் சிரித்துக்கொண்டே நடந்தேன் என்று இவர் பிற்பாடு பல பேரிடம் சொல்லிக் காட்டினார்.

எங்களோடு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் தூத்துக்குடியில் உப்பளம் வைத்திருந்த அண்ணாச்சி. கனத்த உடம்பு, கனத்த குரல். இன்னொருவர் அவர் மனைவி சிவகாமி அக்கா. அக்காவுக்குக் குரல் உண்டு என்பதே எனக்கு மேலே போன பிறகுதான் தெரிந்தது. அண்ணாச்சி பேசி முடித்தால்தானே அடுத்தவர் பேச?

நாலு பேர், ஒரு கூடைச் சோறு, இரண்டு குடை. இவ்வளவுதான் எங்கள் படை.

தண்ணீர் எங்கிருந்து வருது?

இதை எழுதும்போது அந்த நாள் குற்றாலத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்திய காலம். தென்காசி ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கினால், மொட்டைக் கோபுரத்துக்கு மேலே மேகம் கவிந்து கிடக்கும். குதிரை வண்டிக்காரர்கள் மூட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கி ஏற்றுவார்கள். இலத்தூரில் எங்கள் வயல் வேலை ஓய்ந்ததும் நானும் இவரும் குற்றாலத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, சீசன் முடியும்வரை வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு, படுக்க இடமும் கொடுப்போம்.

வருகிறவர்களுக்கு ஒரே வேலைதான். எண்ணெய் தேய்த்துக்கொள்வது, அருவியில் நிற்பது, சாப்பிடுவது, தூங்குவது, மறுபடி எண்ணெய். வாரக்கணக்கில் இதைச் செய்துவிட்டு, "குற்றாலத்தைப் பார்த்தாச்சு" என்று வண்டி ஏறிவிடுவார்கள். நான் அடுப்படியில் நின்று பொருமுவேன். தலையில் இவ்வளவு தண்ணீர் விழுகிறதே, இது எங்கிருந்து வருகிறது என்று ஒருத்தராவது நிமிர்ந்து பார்க்கிறார்களா?

எனக்குத் தெரியும், எங்கிருந்து வருகிறது என்று. அருவிக்கு மேலே, மலைமேல், ஒரு கிராம்புத் தோட்டத்தில் என் அப்பா கணக்கப்பிள்ளையாக இருந்தார். நான் வளர்ந்ததெல்லாம் அங்கேதான். தோட்டத்து ஆட்கள் சீசன் மழைக்குக் கீழே இறங்கிவிட்டால், அந்த மலை முழுவதற்கும் எங்கள் வீடு ஒன்று, மலைவாசிகளான பளியர் குடிசை இரண்டு. வேறு அடுப்புப் புகை கண்ணுக்குத் தெரியாது. ஒரு மனிதக் குரலைக் கேட்டால் ஓடிப்போய்ப் பார்ப்போம். யாராவது வந்துவிட்டால் போகவே விடமாட்டோம்.

அப்படிப்பட்ட இடத்தை யாருக்காவது காட்டாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்போல் இருந்தது. அந்த சீசனில் பந்தி பரிமாறும்போதெல்லாம் மேல்காட்டைப் பற்றியே பேசினேன். ரசம் ஊற்றும்போது யானை, மோர் ஊற்றும்போது கருமந்தி. எல்லாரும் கேட்டார்கள், ஏப்பம் விட்டார்கள், தூங்கப் போனார்கள். தூத்துக்குடி அண்ணாச்சி மட்டும் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டு, "என்னையக் கூட்டிட்டுப் போவியளா?" என்று கேட்டார்.

மானேஜர் போட்ட நிபந்தனை

சும்மா ஏறிப் போய்விட முடியாது. பாதை தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டத்து மானேஜர் சீசன் காலத்தில் தென்காசியில் இருப்பார். இவரையும் இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

மானேஜர் என்னைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். அதனால் காது கொடுத்துக் கேட்டார். கேட்டுவிட்டு, "மழைக்காலம். ஆள் நடமாட்டம் கிடையாது. ஒருத்தன் வழி தப்பினா எடுத்துப்போட நாதி இல்ல" என்றார்.

"நான் இருக்கேனே" என்றேன்.

"சரி. இந்தா தோட்டத்துப் பங்களாச் சாவி, இந்த ஒரு தடவை போயிட்டு வா. போன ஆள் அத்தனையும் இறங்கி வந்தா, இந்த சீசன் பூரா யாரை வேணும்னாலும் கூட்டிட்டுப் போ. சாவியும் உங்கிட்டயே இருக்கட்டும். ஒரு ஆள் குறைஞ்சாலும் பாதையை அடைச்சிருவேன். அப்புறம் அழுதுகிட்டு இங்கன வந்து நிக்கக் கூடாது."

திரும்பி வரும்போது வண்டியில் நான் பாடாத குறை. இவர், "நீ கூட்டிட்டுப் போற ஆள்ல நானும் உண்டா?" என்று மட்டும் கேட்டார்.

ஆளுக்கு ஒரு குழை

செண்பகாதேவிக்கு மேலே பாதை ஆற்றை ஒருமுறை கடக்கும். கடந்ததும் வலது பக்கம் இடுப்பு உயரத்தில் தட்டையான கல் ஒன்று. அதைக் குழைக்கல் என்போம். இலையோடு ஒடித்த சின்னக் கொப்புக்கு எங்கள் பக்கத்தில் குழை என்று பேர்.

அது பளியர்களின் வழக்கம். மேலே ஏறுகிற ஒவ்வொருவரும் பக்கத்துச் செடியிலிருந்து ஒரு குழையை ஒடித்து அந்தக் கல்லின்மேல் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போக வேண்டும். இறங்கும்போது ஒன்றை எடுத்து எறிந்துவிட வேண்டும். கல்லில் குழை இருந்தால் மேலே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். கல் வெறுமையாக இருந்தால் மலையும் வெறுமை.

ஆளே இல்லாத காட்டில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள முடியாது. யார் போனார்கள், யார் வந்தார்கள் என்று அன்றன்றைக்குச் சொல்லி அனுப்பவும் வழியில்லை. சடையண்ணன் பொழுது சாய்கிற வேளையில் அந்தப் பக்கம் வந்து கல்லைப் பார்த்துவிட்டுப் போவார். சடையண்ணன், ஆற்றுக்கு இக்கரையில் இருந்த அந்த இரண்டு குடிசைகளில் ஒன்றில் இருந்தவர். என்னைவிடச் சில வயது பெரியவர். சின்னப் பிள்ளையில் எனக்கு மரம் ஏறி அத்திப்பழம் பறித்துப் போட்டவர், நான் நன்றி சொல்லாமல் தின்று தீர்த்தேன் என்று இன்னமும் குறை சொல்லிக்கொண்டிருந்தவர்.

வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள், பங்களாவில் ஒரு ராத்திரி தங்கி மறுநாள் பொழுது சாயுமுன் இறங்கிவிடுவோம் என்று, தேன் விற்கக் கீழே வந்த அவர் மனைவியிடம் முன்பே சொல்லி அனுப்பியிருந்தேன். எத்தனை பேர் என்று சொல்லவில்லை. கல் இருக்கும்போது அதற்கு என்ன தேவை?

"ஆளுக்கு ஒரு குழையை வச்சுக் கும்பிட்டுக்கிடுங்க" என்று எல்லாரிடமும் சொன்னேன். அண்ணாச்சி ஒரு மரத்தையே சாய்ப்பதுபோல் பெரிய கொப்பாக ஒடித்தார். இவர் காலில் அட்டை ஏறிவிடும் என்று கைக்கு எட்டியதைக் கிள்ளி வைத்தார். நான் வைத்துவிட்டு முன்னே ஓடினேன். மேலே தேனருவிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. எனக்கு நிற்க முடியவில்லை.

கடைசியாகக் கல்லருகே நின்றது சிவகாமி அக்கா. திரும்பிப் பார்த்தபோது கண்ணை மூடி, கோவிலில் நிற்பதுபோல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். பக்தி உள்ளவர் என்று நினைத்துக்கொண்டேன்.

உப்புக்காரர் ஆடிய ஆட்டம்

அன்றைக்கு மலை எங்களுக்கு எதையும் ஒளிக்கவில்லை. இருவாச்சி ஒன்று தலைக்கு மேலே பறந்தது. அதன் சிறகுச் சத்தம் கேட்டு அண்ணாச்சி, "எஞ்சின் வருது, ஒதுங்குங்க" என்று அக்காவின் கையைப் பிடித்து இழுத்தார். மலை அணில் ஒன்று வால் தொங்கக் கிளையில் குப்புறப் படுத்துக்கொண்டு எங்களையே பார்த்தது. ஆவி பறக்கிற யானை லத்தியைக் கண்டதும் இவர் முகம் வெளுத்தது. "இப்பத்தான் போயிருக்கு, நல்ல நேரம்" என்று நான் சொன்னது அவர் வெளுப்பைக் குறைக்கவில்லை.

பிறகு மழை வந்தது. கீழே பெய்கிற சாரல் இல்லை, மலைமழை. குடை இரண்டும் திரும்பிக்கொண்டன. நான் பயந்துபோய் அண்ணாச்சியைப் பார்த்தேன். பணக்கார மனிதர், கோபித்துக்கொண்டு இறங்கிவிட்டால்?

அவர் குடையைத் தூக்கி எறிந்துவிட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். "எங்க ஊர்ல ஒரு தூத்தல் விழுந்தாலும் வயித்தக் கலக்கும். பாத்தியில விளைஞ்ச உப்பெல்லாம் கரைஞ்சு போகும். பொறந்ததுலேருந்து மழையைப் பாத்து ஏசிட்டே இருந்திருக்கேன். இன்னைக்கு ஏசாம நனையுதேன், தாயி" என்றார். சொல்லிவிட்டு அந்தக் கனத்த உடம்போடு ஒரு சுற்றுச் சுற்றினார். சேற்றில் வழுக்கி உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே சிரித்தார்.

அக்காவும் சிரித்தார். முந்தானையை வாயில் வைத்து மூடிக்கொள்ளாமல் சிரித்தார். எனக்கு அந்த நேரத்தில் இருந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. என் மலை இவர்களுக்குப் பிடித்துவிட்டது, அவ்வளவுதான்.

சாயங்காலத்துக்கு முன்னால் மேட்டுக்கு வந்துவிட்டோம். கொஞ்சநேரம் ஒன்றும் தெரியவில்லை, வெறும் வெள்ளை. பிறகு காற்று மேகத்தை ஒதுக்கியது. மேற்கே திருவிதாங்கூர்ச் சீமை, மடிப்பு மடிப்பாகப் பச்சை. கிழக்கே எங்கள் பக்கம்: வெயில் அடித்துக்கொண்டிருந்த வயல்கள், பளபளவென்று குளங்கள், தென்காசிக் கோபுரத்தின் மொட்டைத் தலை. இங்கே மழை, அங்கே வெயில். அண்ணாச்சி வாயடைத்துப் போனார். அதை நான் ஒரு பெரிய வெற்றியாகவே எடுத்துக்கொண்டேன்.

அக்கா கிழக்கையே உற்றுப் பார்த்துவிட்டு, "இங்கேருந்து கடல் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது அக்கா. ரொம்ப தூரம்லா" என்றேன்.

"கடலுக்கு அந்தப் பக்கம்?"

"போதும், வா" என்றார் அண்ணாச்சி. அதுவரை கேட்காத ஒரு குரலில் சொன்னார். நான் குளிர்கிறதாக்கும் என்று நினைத்து எல்லாரையும் பங்களாவுக்கு அழைத்துப் போனேன்.

மறுநாள் கொட்டுகிற மழையில் இறங்கினோம். ஆற்றில் தண்ணீர் கூடிக்கொண்டிருந்தது. குழைக்கல்லருகே ஆளுக்கு ஒரு குழையை எடுத்து எறிந்துவிட்டு, கை கோத்துக் கடந்தோம். மழை முகத்தில் அறைந்ததில் கல்லை யாரும் நின்று பார்க்கவில்லை. இவர் எங்கள் எல்லாருக்கும் முன்னால் கீழே போய்ச் சேர்ந்துவிட்டார்.

செம்பி கேட்ட கேள்வி

அடுத்த நாள் காலை நான் ஆகாயத்தில் இருந்தேன். அண்ணாச்சி விடிந்ததும் விடியாததுமாக அருவிக்கரையில் போய் நின்று எல்லாரிடமும் கதை சொல்லிவிட்டு வந்திருந்தார். அவர் கதையில் யானை நேரிலேயே வந்துவிட்டது. ஆய்க்குடியிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பமும் மதுரைக்காரர்கள் சிலரும் எங்கள் வாசலில் நின்று, "அடுத்தாப்ல எங்களை எப்பக் கூட்டிட்டுப் போவிய?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இட்லிக்கொப்பரையை இறக்கக்கூட எனக்கு நேரமில்லை.

அவர்களை விலக்கிக்கொண்டு செம்பி உள்ளே வந்தாள். சடையண்ணனின் மனைவி. ஈரம் சொட்டச் சொட்ட நின்றாள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"மேல யாரை விட்டுட்டு வந்தீக?" என்று கேட்டாள்.

"யாரையும் விடலியே. எல்லாரும் வந்தாச்சு."

"கல்லுல ஒரு குழை கெடக்கு. நேத்துப் பொழுது சாய அவரு பாத்தாரு. ஒரு ஆளு எறங்கலைன்னு சொல்லிட்டு மேல ஏறிப் போனவருதான். விடிஞ்சும் வரல. ஆத்துல தண்ணி ஏறிட்டே இருக்கு."

அப்போது தோட்டத்தில் வேறு ஒரு ஆள் கிடையாது. எங்களைத் தவிர யாரும் ஏறவில்லை. நான் விரலைவிட்டு எண்ணினேன். இவர், நான், அண்ணாச்சி, அக்கா. நாலு பேரும் என் கண் முன்னால் நிற்கிறார்கள். ஏறும்போது வைத்தது நாலு, எடுத்தது நாலு. அது எப்படி ஒன்று மிஞ்சும்? செம்பி என்னைப் பார்த்த பார்வையில், நான்தான் யாரையோ காட்டில் தொலைத்துவிட்டு மறைக்கிறேன் என்பதுபோல் இருந்தது.

சிவகாமி அக்கா அருவிக்குப் போவதற்காகத் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு நின்றார். எண்ணெய் நெற்றியில் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவில்லை.

"அது எம்புள்ளைக்கு வச்சது" என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"கும்பிட்டுக்கிடுங்கன்னு சொன்னியளா... நான் எனக்கு ஒண்ணு வச்சேன், அவனுக்கு ஒண்ணு வச்சேன். கோயில்ல அர்ச்சனை பண்ணும்போது வீட்ல இல்லாத பிள்ளைக்கும் பேரு சொல்லுவோம்லா, அதுமாதிரி. வரும்போது எனக்குள்ளதை மட்டும் எடுத்தேன். அவனுக்குள்ளத எடுக்க மனசு வரல. சாமி பாத்துக்கிடட்டும்னு விட்டுட்டேன்."

அர்ச்சனைத் தட்டை நீட்டிப் பழகிய எங்கள் ஊர்ப் பெண்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. ஆனால் இல்லாத ஒரு ஆளைத் தேடிச் சடையண்ணன் இந்த மழையில் போயிருக்கிறார்.

அண்ணாச்சி மனைவியைப் பார்த்து, "அவன் பேச்ச எடுக்கக் கூடாதுன்னு உனக்கு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்" என்றார். முந்திய அதட்டல் அந்தக் குரலில் இல்லை.

செம்பியோடு மறுபடி ஏறும்போது மலைப்பாதையில் அக்கா எனக்குச் சொன்னது இது. ஒரே மகன். உப்பளம் வேண்டாம் என்றான். அப்பாவும் மகனும் வாய்ச்சண்டை போட்டார்கள். அவன் கொழும்புக் கப்பலில் ஏறிவிட்டான். அங்கே ஏதோ கடையில் இருக்கிறான் என்று போய்வருகிறவர்கள் சொல்கிறார்கள். அதற்குப்பின் வீட்டில் அவன் பெயரை யாரும் சொல்லக் கூடாது என்று அண்ணாச்சி உத்தரவு. தூத்துக்குடியில் சாயந்தரம் கப்பல் ஏறினால் காலையில் கொழும்பு. "அவ்வளவு பக்கம்தான் தாயி" என்றார் அக்கா.

ஆற்றங்கரையில்

நாங்கள் எல்லாரும் ஏறினோம். அக்கா எண்ணெய்த் தலையோடு ஏறினார். வேண்டாம் என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அண்ணாச்சியும் வந்தார். இரண்டு நாளைக்கு முன் மழையில் ஆடின மனிதர், அன்றைக்கு மூச்சு வாங்க எல்லாருக்கும் முன்னால் ஏறினார்.

ஆறு முழுசாக மாறியிருந்தது. நாங்கள் கை கோத்துக் கடந்த இடத்தில் மரக்கட்டைகள் உருண்டு போய்க்கொண்டிருந்தன. எதிர்க்கரையில் குழைக்கல் தெரிந்தது. அதன்மேல் ஒரே ஒரு குழை, மழையில் கழுவிக் கழுவிப் பச்சையாகக் கிடந்தது. சின்னக் குழை. நாலைந்து இலைகள் இருந்தால் அதிகம்.

செம்பி இரண்டு கையையும் வாயில் குவித்துக் கூவினாள். தண்ணீர்ச் சத்தம் அதை விழுங்கிவிட்டது. மறுபடி கூவினாள். என் இடுப்பளவு உயரம்தான் இருப்பாள் என்று தோன்றும்படி குறுகிப்போய் நின்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. மானேஜர், அடுத்த வாரம் வரக் காத்திருந்த குடும்பங்கள் எல்லாம் எனக்கு மறந்தே போயின. சடையண்ணன் வர வேண்டும், அது ஒன்றுதான்.

அண்ணாச்சி வேட்டியை இறுக்கிக்கொண்டு தண்ணீரில் காலை வைத்தார். "நில்லுங்க அண்ணாச்சி, இழுத்துட்டுப் போயிரும்" என்று நான் கத்துவதற்குள் இவர் பாய்ந்துபோய் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். அட்டைக்குப் பயந்தவர், தொடையளவு தண்ணீரில் நின்று, தம்மைவிட இரண்டு பங்கு கனமான மனிதரைக் கரைக்கு இழுத்து வந்தார். அன்றைக்கு எனக்கு இவர்மேல் பிறந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை. இதைப் படித்தால் அவருக்குத் தலைகால் புரியாது என்பதால் இதோடு நிறுத்துகிறேன்.

"என்னைய விடும்வே" என்றார் அண்ணாச்சி. "எம்புள்ளைக்காவ ஒருத்தன் போயிருக்கான். நான் கரையில நிக்கவா?"

இவர் விடவில்லை. வேறு ஒன்றும் செய்ய முடியாமல் நின்றோம். மழை கொஞ்சம் விட்டது. மேலே எங்கேயோ கருமந்தி ஒன்று குரல் கொடுத்தது. செம்பி கூவுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அக்கா போய் அவள் பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். செம்பி கையை உருவிக்கொள்ளவில்லை.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. எதிர்க்கரையில் புதர் அசைந்தது. யானை என்று இவர் சொன்னார். யானை இல்லை. சடையண்ணன்.

நொண்டிக்கொண்டு வந்தார். முழங்காலிலிருந்து ரத்தம். உடம்பெல்லாம் அட்டை கடித்த புள்ளிகள். எங்களைப் பார்த்தார், ஆனால் வேகமாக வரவில்லை. ஆற்றோரமாகவே மேலே நடந்துபோய், அவருக்குத் தெரிந்த ஒரு பாறையிடுக்கில் இறங்கி, மரவேரைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார். செம்பி எழுந்தாள். அவர் நெஞ்சில் ஓங்கி ஒரு குத்துக் குத்திவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

சடையண்ணன் என்னிடம்தான் முதலில் சீறினார். "என்ன தாயி ஆள் கூட்டிட்டு வந்தே? மேட்டுக்குப் போனேன், பங்களாவுக்குப் போனேன், தேனருவிக் குகை, பொடவு பூராப் பாத்தேன். ரெண்டு தடவ உருண்டேன். ஆளு எங்க?"

ஆளே இல்லை, ஒரு அம்மாவின் வேண்டுதலுக்காக நீ உருண்டாய் என்று எப்படிச் சொல்ல?

"பேரு தெரிஞ்சாலாவது கூப்புட்டுப் பாக்கலாம்" என்றார் அவர். "பேரும் தெரியல. ராத்திரி பூரா 'எய்யா, எய்யா'ன்னு கூப்புட்டேன். யாரு எய்யா? அவுக அப்பன் பேராவது தெரியணும்லா?"

அண்ணாச்சி எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"சண்முகம்" என்றார்.

பக்கத்தில் சிவகாமி அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அவன் பேரு சண்முகம். நான்தான் அப்பன். என்னைய விட உசரமா இருப்பான். இந்தப் புருவத்துல ஒரு வெட்டு இருக்கும். சின்னதுல உப்பளத்து வரப்புல விழுந்தது. நான்தான் தூக்கிட்டு ஓடுனேன்." நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டு, மறுபடி சொன்னார். "சண்முகம்."

சடையண்ணனின் கோபம் இறங்கிவிட்டது. அடையாளம் கிடைத்துவிட்ட ஆளைப்போல் தலையை ஆட்டினார். முழங்கால் ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மலையைத் திரும்பிப் பார்த்தார்.

"மேக்குச் சரிவு மட்டும் இன்னும் பாக்கல. போயிப் பாத்துட்டு வரட்டா?" என்று கேட்டார்.

அண்ணாச்சி அவருடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்யா. இனி நான் தேடிக்கிடுதேன்."